தூரம்

2025 ஜூன் கடைசி வாரம், விடிவதற்கு முன்னால். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் திருவண்ணாமலை வண்டியிலிருந்து அக்கா இறங்கினாள். ஒரு கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை, இன்னொரு கையில் பேத்தியின் முழங்கை. பின்னாலேயே கண்டக்டர் ஒரு மூட்டையை இறக்கி வைத்தார். மல்லாட்டை. (வேர்க்கடலை என்றால்தான் சென்னையில் புரிகிறது. முப்பது வருஷம் ஆகப்போகிறது, என் வாயில் இன்னும் அந்த வார்த்தை வரவில்லை.)

பேத்திக்கு ராணி மேரிக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருந்தது. குரோம்பேட்டையில் என் வீட்டில் தங்கிப் படிப்பதாக ஏற்பாடு. அக்கா மகளின் மகள், எனக்கும் பேத்தி முறைதான். என்னைச் 'சின்ன ஆயா' என்று கூப்பிடுவாள். ஐம்பது வயதில் இரண்டு எழுத்துக்குள் கிழவியாகிவிடுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆட்டோவில் ஏறியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "காலேஜி இன்னா தூரம் இருக்கும்?"

"இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கும்க்கா. நம்ம வீட்டுலருந்து கொஞ்சம் கம்மி."

"அத்த கேக்கலம்மே. பஸ்ஸ விட்டு எறங்கி எவ்ளோ தூரம் நடக்கணும்? அந்த நடையில கடை கண்ணி இருக்குதா? சாயங்காலம் வரசொல்ல ஆள் நடமாட்டம் இருக்குமா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். வங்கியில் வேலை, பட்டப்படிப்பு, நகரத்து வாழ்க்கை எல்லாம் இருந்தும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிவிட்டேனே என்றிருந்தது. அந்த அளவுகோல் பொய் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவளே இவள்தான்.

எங்கள் ஊர்ப் பேச்சில் தூரத்துக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. "அவ வீட்டுக்குத் தூரம்" என்றால் வெளியூர் போய்விட்டாள் என்று பொருள் இல்லை. மாதாமாதம் வரும் அந்த மூன்று நாள். பெண் எங்கேயும் போகமாட்டாள், திண்ணை ஓரத்தில் தனித்தட்டோடு உட்கார்ந்திருப்பாள், ஆனாலும் தூரம். சின்ன வயதில் எனக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சொற்கள் இல்லை என்றே படுகிறது. ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டாவது தூரம் வந்த அன்றைக்கே முதல் தூரமும் நீண்டுவிடுகிறது.

அக்காவுக்கு அது 1984 மார்ச்சில் நடந்தது. எட்டாவது முழுப்பரீட்சைக்குப் பதினோரு நாள் இருந்தது. பச்சை ஓலையில் குடிசை கட்டி உட்காரவைத்தார்கள். பதினாறாம் நாள் மஞ்சத்தண்ணி, மாமன் சீர், ரேடியோ செட். மொய் எழுத நோட்டு வாங்க மறந்துபோய், அக்காவின் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதினார்கள். முன்பாதியில் இயற்கணிதம், பின்பாதியில் ஊர்ப்பெயர், ஆள்பெயர், அஞ்சு ரூபாய், பத்து ரூபாய். மொய் திருப்பிச் செய்யவேண்டிய கடன் என்பதால் அந்த நோட்டை அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அக்கா படித்ததற்கு மிஞ்சியிருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான்.

பரீட்சை அந்தப் பதினாறு நாளுக்குள் வந்து போய்விட்டது. லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அக்கா களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். யாரும் அவளை "நிறுத்திக்கோ" என்று சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை, வாத்தியாரும் வந்து கேட்கவில்லை. ரிசல்ட் பார்க்கக்கூட யாரும் போகவில்லை, டி.சி.யும் வாங்கவில்லை. பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதைப் பற்றிப் பேசும்போது ஏதோ ஒரு நாள் ஒரு கொடுமைக்கார அப்பா புத்தகப் பையைப் பிடுங்கி எறிவது போன்ற காட்சிதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. அப்படியும் நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது அதுவல்ல. போகாத நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் நடுநிலைப் பள்ளிதான், எட்டாவதோடு முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். ஏரிக்கரை, அப்புறம் கரும்புக்கொல்லைகளுக்கு நடுவே வண்டிப்பாதை, அப்புறம் ஒரு ஓடை, அதைத் தாண்டித் தார் ரோடு. பையன்கள் வாடகை சைக்கிளில் டபுள்ஸ் ட்ரிபிள்ஸ் போய்விடுவார்கள், இல்லையென்றால் நடப்பார்கள், கரும்பு ஒடித்துத் தின்றுகொண்டே. அதே கரும்புக்கொல்லை, ஆளுயரம் வளர்ந்து நிற்கையில், தாவணி போட்ட பெண்ணுக்கு வேறு ஒன்றாகத் தெரியும். அப்பாவுக்கு அது அதைவிட வேறாகத் தெரிந்தது. எதுவும் நடக்கவேண்டும் என்றுகூட இல்லை. நடந்ததாக யாராவது ஒருவர் டீக்கடையில் சொன்னால் போதும், பெண் கேட்டு வருபவர்கள் வராமல் போய்விடுவார்கள்.

இன்னொரு விஷயத்தை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. நான் ஆறு கிலோமீட்டர் என்று சொல்வது எங்கள் தெருவிலிருந்து. ஊருக்கு வெளியே, தலித் மக்கள் இருக்கும் காலனியின் பெண்களுக்கு அது எட்டு. ஊருக்குள் நடந்தால் வம்பு, கிண்டல், "யார் வூட்டுப் பொண்ணு நீ" என்ற விசாரணை. அதனால் அவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்த்தான் ஏரிக்கரையில் ஏறுவார்கள். இதை எனக்குச் சொன்னவள் என்னோடு நாலாவதில் படித்தவள். சொன்னது எங்கள் இருவருக்கும் நாற்பது வயதானபோது, ஒரு கல்யாணப் பந்தியில், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் எங்கள் வீட்டு ஆட்களும் இருந்திருப்பார்கள்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுக்கானது. அதன்படி வகுத்த விதிகளில் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். நல்ல சட்டம்தான். எங்கள் ஊர் அக்கா காலத்திலேயே அந்த விதிக்கு உட்பட்டிருந்தது! ஒன்று முதல் எட்டு வரை தெருக்கோடியில். பெண் வயதுக்கு வருகிற வருஷத்தில், தூரம் முதன்முறையாக ஒரு கேள்வியாக மாறுகிற வருஷத்தில், அந்தச் சட்டம் அவளை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் உள்ள அந்தப் பாதையை யார் அளந்திருக்கிறார்கள்?

பிறகு நான் மட்டும் எப்படிப் படித்தேன் என்று கேட்பார்கள். கூட்டங்களில் கேட்டால் "ஆர்வம், உழைப்பு" என்று ஏதாவது சொல்லி வைப்பேன். உண்மையான பதில்: ஒரு பஸ், அப்புறம் அக்கா.

1988இல் செங்கத்திலிருந்து எங்கள் ஊர் வழியாக ஒரு டவுன் பஸ் விட்டார்கள். காலை எட்டேகாலுக்கு ஒரு டிரிப், மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு டிரிப். அதற்கு மனு கொடுத்தது நான்தான் என்று ஊரில் இன்றைக்கும் நாலு பேர் உரிமை கொண்டாடுவார்கள். யார் கொடுத்திருந்தாலும் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம். நான் ஒன்பதாவது போகவேண்டிய வருஷம் அது. எனக்கும் குடிசை கட்டினார்கள், எனக்கும் மொய் எழுதினார்கள், ஆனால் பஸ் வந்திருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் இருந்தார், ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள், மோர் விற்கப் போகும் கிழவி இருந்தாள். அப்பா கணக்கில் ஆறு கிலோமீட்டர் சுருங்கி, வீட்டு வாசலிலிருந்து ஆலமரத்தடி வரை நூறு அடியாகிவிட்டது.

பஸ் மட்டும் போதாது. அந்த வருஷம் அம்மா கிணற்றுப் படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். மாட்டுக்குத் தண்ணீர், சாணி, தம்பிக்குச் சோறு, கொல்லைக்குக் கஞ்சி. வழக்கமாக இந்த இடத்தில்தான் வீட்டில் இருக்கும் பெண்ணின் படிப்பு முடியும். பதினாறு வயதில் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்ணுக்குப் பதினெட்டு என்று சட்டம் 1978லேயே சொல்லிவிட்டது, அது எங்கள் ஊருக்கு வந்துசேரவில்லை. மாப்பிள்ளை அத்தை மகன்தான், அடுத்த தெரு. விடியற்காலை ஐந்து மணிக்கு இடுப்பில் கைக்குழந்தையோடு வருவாள். அடுப்பு பற்றவைத்து, மாட்டை அவிழ்த்துக் கட்டி, என் தலையை வாரி, "ஓடு ஓடு, பஸ்ஸு கோனார் வூட்டாண்ட வந்துட்டுது" என்று துரத்துவாள். இரண்டு வருஷம் அப்படி வந்தாள். அவள் நின்றுபோனதால்தான் நான் போனேன் என்பதை நான் எங்கேயும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்த இடுப்புக் குழந்தை வளர்ந்து 2004இல் பத்தாவது பாஸ் செய்தாள். நல்ல மார்க். பதினொன்றாம் வகுப்புக்குச் செங்கம் போகவேண்டும். இதற்குள் அந்த டவுன் பஸ் நாளுக்கொரு நேரம், சில நாள் வருவதேயில்லை என்றாகியிருந்தது. 2001-02லேயே அரசாங்கம் பெண்பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியிருந்தது, முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்களுக்கு, பின்னால் எல்லோருக்கும். அந்தத் திட்டத்தை நான் மட்டமாகச் சொல்லமாட்டேன். 1991, 92இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைப் படித்தபோது எனக்கே இறக்கை முளைத்ததுபோல் இருந்தது. ஆனால் சைக்கிள் கிடைப்பது பதினொன்றாம் வகுப்பில். சைக்கிள் இல்லாததால் பத்தாவதோடு நின்றவளுக்கு?

அவளைத் தேடி வேறொன்று வந்தது. வேன். திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்கு ஆள் எடுக்க ஒரு ஏஜென்டு ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரம் மொத்தமாகத் தருவார்கள், கல்யாணத்துக்கு ஆகும், சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் அவர்களே. 'சுமங்கலித் திட்டம்' என்று இதற்குப் பெயர். பெயர் வைத்தவன் பெண்ணைப் பெற்றவர்களின் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்திருக்கிறான். கோவை, திருப்பூர், திண்டுக்கல் மில்களுக்குத் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து இப்படிப் போன பெண்கள் ஏராளம்.

இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மில்லுக்கு அனுப்பியவர்கள், செங்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஏன் என்று நகரத்தில் இருப்பவர்களுக்கு விளங்குவதே இல்லை. எனக்கும் கோபம்தான் வந்தது. அக்கா சொன்னாள்: "மில்லு வேனு வூட்டு வாசல்லயே வந்து நிக்குது. அங்க எறக்கி விட்டா சுத்திச் சுவரு. வெளியவே வுடமாட்டான். இஸ்கூலுக்கு நாந்தான் நாளைக்கு ரெண்டு வாட்டி உசுரக் கையில புடிச்சிக்கினு நிக்கணும்." அந்தச் சுவர்தான் மில்லின் கொடுமை என்று நான் நினைத்தேன். அக்காவுக்கு அதே சுவர்தான் மில்லைப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தது.

அவள் இரண்டரை வருஷத்தில் திரும்பி வந்தாள், ஓயாத இருமலோடு. மூன்று வருஷம் முடிக்கவில்லை என்று மொத்தத் தொகை தரவில்லை.

அந்த 2004இல் நான் சென்னையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். பழவந்தாங்கலில் ஒற்றை அறை வீடு, கைக்குழந்தை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அவளை இங்கே அழைத்துவந்து படிக்கவைத்திருக்கலாம். கேட்டிருந்தால் செய்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அக்கா கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் ஆனபோது ஒரு பணம் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம். 1989இல் தொடங்கியபோது எட்டாவது வரை படித்த பெண்ணின் கல்யாணத்துக்கு ஐயாயிரம் ரூபாய், பிறகு படிப்புத் தகுதி பத்தாவதாக உயர்ந்தது. பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்திருக்கவேண்டும். 1989க்குப் பிறகு எங்கள் ஊரில் நான் கண்ணால் பார்த்தது இது: ஆறாவதிலும் ஏழாவதிலும் நின்ற பெண்கள் எட்டு வரை போக ஆரம்பித்தார்கள். தகுதி பத்தாவது என்றானதும் பத்து வரை போனார்கள். "இன்னும் ரெண்டு வருசம் தள்ளிப் போட்டா பணம் வரும்" என்று திண்ணையில் கணக்குப் போட்டார்கள். கல்யாணத்துக்காகப் படிக்கவைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நானும் சுளித்திருக்கிறேன். ஆனால் இதிலிருந்து ஒன்று தெரிந்தது. படிப்பறிவில்லாத பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாது என்று மேடையில் சொல்கிறார்களே, அது சுத்தப் பொய். அவர்களுக்குக் கணக்குத் தெரியும். ஒரு வருஷம் கூடப் படிக்கவைத்தால் என்ன செலவு, என்ன ஆபத்து, என்ன வரவு என்று பைசா சுத்தமாகத் தெரியும். வரவுப் பக்கம் காலியாக இருக்கும்வரை அவர்கள் வேறு விடைக்கு வரமுடியாது.

2011க்குப் பிறகு அதில் தாலிக்குத் தங்கம் சேர்ந்தது. முதலில் நாலு கிராம், 2016இல் எட்டு கிராம். 2022இல் அதை மாற்றிப் புதுமைப் பெண் திட்டம் ஆக்கினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி வடசென்னையில் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைத்தார்கள். அதற்குப் பிறகு என் கவுண்டருக்கு வரும் முகங்கள் மாறின. கல்லூரிப் பெண்கள் தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, கார்டை வாங்கி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சிலருடைய கார்டு அடுத்த மாதமே அப்பா சட்டைப் பையில் இருக்கும், அதையும் பார்க்கிறேன். ஒருமுறை ஒரு அம்மா பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே, "படிச்சா மாசம் ஆயிரம் குடுக்கறாங்க சரி. கட்டிக் குடுக்கறப்ப எட்டு கிராமு யாரு குடுப்பா?" என்றாள். என் மனசுக்குத் திட்டத்தை மாற்றியது சரி என்றுதான் படுகிறது. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்பதும் நிஜம். கல்யாணச் செலவை யாரும் ரத்து செய்யவில்லையே.

எனக்கு உறுத்துவது வேறு. சைக்கிள், லேப்டாப், ஆயிரம் ரூபாய் எல்லாமே ஆற்றைக் கடந்து வந்தவளுக்குக் கிடைக்கும் பரிசல். எட்டாவது முடித்து அக்கரையில் நிற்கிறவளுக்கு விடியற்காலை ஒரு பஸ் வேண்டும், பள்ளியில் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கழிப்பறை வேண்டும், அதில் தண்ணீர் வேண்டும். இதில் எதைத் திறந்துவைத்தாலும் படம் எடுத்துப் பேப்பரில் போட நன்றாக இருக்காது.

கழிப்பறை என்றதும் எங்கள் உயர்நிலைப் பள்ளி ஞாபகம் வருகிறது. பெண்களுக்கென்று ஒரு கீற்றுத் தட்டி இருந்தது. கதவு கிடையாது. வேலிக்காத்தான் புதருக்குப் போவோம், இரண்டு பேர் காவல் நிற்க ஒருத்தி. தூரமான நாட்களில் அதுவும் முடியாது. மாதம் மூன்று நாள் லீவு போடுவோம், பத்து மாதத்துக்கு முப்பது நாள். கணக்கில் புதுப் பாடம் நடத்தும் நாட்களாகப் பார்த்துத்தான் அது வரும். எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை, குடிநீர் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2012இல். தமிழ்நாட்டில் இப்போது கட்டடங்கள் இருக்கின்றன. பூட்டு தொங்குகிறதா, துடைக்க ஆள் இருக்கிறதா என்பது அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியரின் மனசைப் பொறுத்தது. கட்டடம் வந்தால் மனசு மாறிவிடுமா என்றால், 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பெண்ணைத் தூரம் என்பதற்காக வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்தார்கள். அம்மா எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எட்டாவது, முழுப்பரீட்சை நேரம். 1984க்கு நாற்பத்தோரு வருஷம் கழித்து. ஒரே வித்தியாசம், இவள் பரீட்சை எழுதிவிட்டாள். அதைச் சின்ன வித்தியாசம் என்றும் நான் சொல்லமாட்டேன்.

பேத்தியின் கதையில் பெரிய திருப்பங்கள் கிடையாது. ஏழாவது படிக்கும்போது கொரோனா வந்து 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். வீட்டில் ஒரே செல்போன், அதுவும் பெங்களூருவில் சென்ட்ரிங் வேலைக்குப் போன அவள் அப்பாவிடம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும், கரண்டு இருந்தால். 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குத் திறந்தபோது இவளோடு படித்த இரண்டு பெண்கள் வரவில்லை. ஒருத்தியைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இன்னொருத்தியின் கல்யாணத்தை யாரோ குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசி நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அவளும் பள்ளிக்குத் திரும்பவில்லை, பெங்களூருவில் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமானவர்கள் இந்தியா முழுக்க நூற்றுக்கு 23.3, தமிழ்நாட்டில் 12.8. நாம் பாதிதான் என்று பெருமைப்படலாம். அந்தப் பன்னிரண்டு சொச்சத்தில் இருப்பவள் எந்தக் கணக்கில் பெருமைப்படுவாள்?

பேத்தி திரும்பியதற்குக் காரணம் அக்கா. மருமகன் "எட்டாவதோட போதும்" என்று போனில் சொன்னபோது அக்கா வாதாடவில்லை. மறுநாள் காலையிலிருந்து பேத்தியோடு ஆலமரத்தடிக்குப் போய், பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். மாலையில் போய் நின்றாள். இப்போது அந்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் இல்லை, 2021 மே மாதத்திலிருந்து. வராத நாட்களில் ஷேர் ஆட்டோவில் தானும் ஏறிச் செங்கம் வரை போனாள். நாலு வருஷம். நூறு நாள் வேலைக்குப் போகும் நேரத்தையே இதற்காக மாற்றிக்கொண்டாள். ஒரு பெண் பள்ளிக்குப் போகவேண்டுமானால் இன்னொரு பெண் தன் நாளைக் கொடுக்கவேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை நடப்பது. இதற்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை.

கல்லூரி திறந்த முதல் நாள் அக்காவும் கூடவே வருவேன் என்று அடம்பிடித்தாள். நான் லீவு போட்டேன். குரோம்பேட்டையில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்தோம். முகப்பில் பிங்க் அடித்த, பெண்களுக்குக் காசில்லாத பஸ் வரும்வரை அக்கா வேறு எதிலும் ஏறவிடவில்லை. கல்லூரி வாசலில் பேத்தி உள்ளே போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் சாலையைக் கடந்து எதிரே மெரினா மணலில் உட்கார்ந்தோம். வெயில் நேரத்தில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு ஐஸ் ஹவுஸைக் காட்டினேன். இப்போது விவேகானந்தர் இல்லம். நூறு வருஷத்துக்கு முன்னால் சகோதரி சுப்பலட்சுமி அங்கேதான் குழந்தை விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அவரே குழந்தை விதவை. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். அவர் பிறந்த அதே 1886இல்தான் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டியும் பிறந்தார். வயதுக்கு வந்ததும் அவரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்பா படித்தவர் என்பதால் வீட்டிலேயே பாடம் நடந்து, மன்னர் கல்லூரியில் ஆண்களோடு படித்து, 1912இல் சென்னையில் டாக்டராகி வெளியே வந்தார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம அப்பா மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒரு வேலை பாக்கி இருந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் படிக்க வருகிற பிள்ளைக்குத் தாசில்தார் அலுவலகம் தருவது. எதற்காவது உதவும், வாங்கி வைத்துக்கொள் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் அப்பா அம்மா மட்டும் இல்லை, தாத்தா பாட்டி இரண்டு பக்கமும், கூடப்பிறந்தவர்கள், எல்லோருடைய படிப்பையும் எழுதவேண்டும். பட்டம் வாங்கிய சின்ன ஆயாவுக்கு அதில் கட்டம் இல்லை. நல்லதாகப் போயிற்று.

பேத்தி லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். அப்பா ஆறாவது. அம்மா பத்தாவது. அப்பா வழித் தாத்தா, பாட்டி, படிக்கவில்லை, படிக்கவில்லை. அம்மா வழித் தாத்தா ஐந்தாவது. அக்கா தரையில் உட்கார்ந்து மறுநாள் சட்னிக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, நீ எட்டாவதுதானே?"

"எட்டாவதுதான்."

"பாஸா?"

அக்கா கையில் இருந்த மல்லாட்டையை உடைக்காமல் என்னைப் பார்த்தாள். "ரிசல்ட்டு யாரு போய்ப் பாத்தாங்க?"

"அப்ப என்னன்னு போடறது? டி.சி.ல என்ன போட்டிருக்கு?"

"டி.சி.யே வாங்கலயேம்மா" என்றாள் அக்கா. ஓட்டை நசுக்கி, பருப்பை முறத்தில் போட்டாள். "கணக்குப்படி பாத்தா நான் இன்னும் அந்த இஸ்கூல்லதான் இருக்கறேன்."

பேத்தி சிரித்துவிட்டாள். கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றாள். பிறகு 8 என்று அடித்துவிட்டு, என் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டாள்.